பந்தின் பாதையும் கூட்டத்தின் பாதையும்

விளையாட்டு என்பது பொழுதுபோக்கு. விஞ்ஞானம் என்பது ஆராய்ச்சிசாலையின் நான்கு சுவர்களுக்குள் நடைபெறும் தவம். இவ்வாறு இரண்டையும் வேறு வேறாக வைத்து எண்ணுவது நம்மிற் பலருக்கு வழக்கம். ஆயினும் இந்நாளில் பெரும் பந்தயம் ஒன்றைக் காணச் செல்வோர், தாம் அறிந்தோ அறியாமலோ, ஒரு பௌதிக ஆராய்ச்சிசாலையின் நடுவிலேயே அமர்ந்திருக்கின்றனர். வீசப்பட்ட பந்தின் வேகத்தை ரேடார் அலைகள் அளக்கின்றன. பந்து மட்டையின் விளிம்பில் உராய்ந்ததா என்பதை நுண்ணிய ஒலிவாங்கி கேட்டுச் சொல்கிறது. பந்து எங்கே சென்றிருக்கும் என்பதைக் கணிப்பொறி வரைந்து காட்டுகிறது. இவ்வளவு அளவுகளுக்கும் நடுவே, அவற்றைப் பார்த்து ஆரவாரிக்கும் மக்கட்கூட்டத்தை நாம் எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்ற வினா சில காலமாக என் உள்ளத்தில் எழுந்து நிற்கிறது. அதைப் பற்றிய சில எண்ணங்களை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சிந்தனைக்குப் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான நகரம் வேறில்லை. 1909 ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் இங்கே உள்ளது. சர் சி. வி. ராமன் 1948 இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகமும், நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேயே உள்ளன. அதே நகரில், கப்பன் பூங்காவின் அருகே, எம். சின்னசாமி அரங்கம் நிற்கிறது. 1974 நவம்பரில் மேற்கிந்தியத் தீவுகளின் அணி இங்கே ஆடிய பந்தயமே இவ்வரங்கின் முதல் டெஸ்ட் பந்தயம். அன்று முதல் இன்று வரை இவ்வரங்கம் கண்ட நிகழ்ச்சிகளுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்று பந்தைப் பற்றியது. ஒன்று நீரைப் பற்றியது. மற்றொன்று மனிதர்களைப் பற்றியது.

இரண்டரை மீட்டர்

2011 பிப்ரவரி 27 ஆம் நாள், உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவும் இங்கிலாந்தும் இவ்வரங்கில் மோதின. இந்தியா 338 ஓட்டங்கள் எடுத்தது. இங்கிலாந்தும் சரியாக 338 ஓட்டங்களே எடுத்தது. வெற்றி தோல்வியின்றி முடிந்த அப்பந்தயத்தின் நடுவே விஞ்ஞான நோக்குடையோர் மறக்கவியலாத ஒரு சம்பவம் நிகழ்ந்தது.

யுவராஜ் சிங் வீசிய பந்து இங்கிலாந்தின் இயான் பெல்லின் காலில் பட்டது. கால் குறுக்கிடாதிருந்தால் பந்து ஸ்டம்புகளைத் தாக்கியிருக்கும் என்று நடுவர் கருதினால் ஆட்டக்காரர் ஆட்டமிழப்பார். நடுவர் பில்லி பௌடன் அவ்வாறு கருதவில்லை. இந்திய அணி மறுபரிசீலனை கோரியது. கணிப்பொறி வரைந்த கோடு அரங்கின் பெருந்திரையில் தோன்றிற்று; அது ஸ்டம்புகளில் சென்று முடிந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. பெல்லும் திரையைக் கண்டு வெளியேற நடக்கத் தொடங்கினார். ஆனால் நடுவர் தம் தீர்ப்பை மாற்றவில்லை. பெல் திரும்பி வந்து ஆடி, 69 ஓட்டங்கள் எடுத்தார்.

காரணம் யாது? பந்து காலில் பட்ட இடத்திற்கும் ஸ்டம்புகளுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டரை மீட்டருக்கு மிகுமாயின், கணிப்பொறியின் கோட்டை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது என்பது அன்றைய விதி. ஆயிரக்கணக்கானோர் தம் கண்ணால் கண்டதை ஒரு விதி மறுத்துவிட்டது போலத் தோன்றியது. எங்கும் கோபமும் ஏளனமும் எழுந்தன. அவ்விதியைப் பிரயோகிக்கும் முறை சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. விதியின் வாசகம் எவ்வாறாயினும், அதன் உட்பொருள் சிந்திக்கத் தக்கது.

கணிப்பொறி பந்தைப் பின்தொடர்வது எவ்வாறு? அரங்கின் பல மூலைகளில் வேகமாகப் படமெடுக்கும் காமிராக்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒரே கணத்தில் வெவ்வேறு திசைகளிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு, நில அளவையாளர் முக்கோண முறையால் தொலைவிலுள்ள மலையுச்சியின் இருப்பிடத்தைக் கணிப்பது போல, பந்தின் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. இவ்வாறு புள்ளி புள்ளியாகப் பெற்ற இடங்களை இணைத்தால் பந்தின் பாதை கிடைக்கும். 'ஹாக்-ஐ' எனப்படும் இம்முறை 2001 ஆம் ஆண்டிலேயே தொலைக்காட்சி ஒளிபரப்பில் இடம் பெற்றது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பந்து காலில் படும் வரையிலான பாதை, கண்டு அளந்த பாதை. அதற்கு அப்பாலுள்ள பாதையோ எவரும் காணாதது. பந்து அவ்வழியே செல்லவே இல்லை. அது ஊகித்து வரைந்த கோடு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் கடக்கிறது. வீச்சாளரின் கையிலிருந்து ஆட்டக்காரரை அடைய அதற்கு அரை விநாடியே போதும். தரையில் பட்டு எழுந்த பின்னர்க் கிடைக்கும் காலம் அதனினும் சிறிது. அச்சிறு காலத்தில் எடுத்த சில படங்களைக் கொண்டே திசையை நிர்ணயிக்க வேண்டும்.

அத்திசையில் அரை பாகை பிழை நேர்ந்தது என்று ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் அப்பிழை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டரை மீட்டர் தொலைவிலோ அது இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். பந்தின் விட்டமே சுமார் 7 சென்டிமீட்டர். மூன்று ஸ்டம்புகளும் சேர்ந்த மொத்த அகலம் 23 சென்டிமீட்டருக்கும் சிறிது குறைவு. ஆகவே தொலைவு பெருகப் பெருக, 'பட்டிருக்கும்' என்ற சொல் 'பட்டிருக்கக்கூடும்' என்ற சொல்லாக மெல்ல மாறுகிறது. திரையில் தோன்றிய கோடு மட்டும் எவ்விடத்தும் ஒரே தடிப்புடன், ஒரே நிறத்துடன், எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி விளங்குகிறது. ஐயம் கருவியில் இருக்கிறது, காட்சியில் இல்லை.

பிற்காலத்தில் இக்கருவிகளைச் சோதிக்கும் பணி மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பொறியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேளையில் சர்வதேசக் கிரிக்கெட் குழுவின் தலைவராக இருந்தவர் அனில் கும்ப்ளே. அவர் இதே பெங்களூரில் எந்திரப் பொறியியல் பயின்றவர். இன்று வழங்கும் விதியின்படி, பந்தின் பாதியளவேனும் ஸ்டம்புகளின் எல்லைக்குள் படும் என்று கணிப்பொறி காட்டினாலன்றி, ஆட்டமிழக்கவில்லை என்ற நடுவரின் முதல் தீர்ப்பு மாற்றப்படுவதில்லை. இதனைக் குறை கூறுவோர் பலர். எனக்கோ இது விளையாட்டு உலகம் விஞ்ஞானத்திடமிருந்து கற்ற மிகச் சிறந்த பாடமாகத் தோன்றுகிறது. எந்த அளவும் தன் பிழையெல்லையுடன் சேர்த்தே கூறப்பட வேண்டும். அப்பிழையெல்லைக்குள் எவரையும் தண்டிக்கலாகாது.

நிலத்தடியில் ஓடும் காற்று

இரண்டாவது நிகழ்ச்சி நீரைப் பற்றியது. 2015 நவம்பரில் தென்னாப்பிரிக்காவுடன் இங்கே நடந்த டெஸ்ட் பந்தயத்தில் முதல் நாள் மட்டுமே ஆட்டம் நிகழ்ந்தது. மற்ற நான்கு நாட்களும் மழையால் வீணாயின. ஏபி டி வில்லியர்ஸுக்கு அது நூறாவது டெஸ்ட். தாம் கண்டு களிக்க வந்ததைக் காணாமலே மக்கள் திரும்பினர்.

மழை நின்ற பின்னும் ஆட்டம் தொடங்க ஏன் இவ்வளவு தாமதம்? மண்ணின் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகளில் நீர் நுண்புழை விசையால் பற்றிக்கொண்டு நிற்கிறது. புவியீர்ப்பு ஒன்றை மட்டும் நம்பினால் அந்நீர் தன் விருப்பம் போல் மெல்லத்தான் இறங்கும். ஆகவே 2017 இல் இவ்வரங்கின் மைதானத்தை மணற்படுகையாக மாற்றி, அதன் அடியில் துளையுள்ள குழாய்களைப் பதித்து, பெரிய காற்றியந்திரங்களுடன் இணைத்தனர். யந்திரம் காற்றை உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள நீரை வளியின் அழுத்தம் கீழே தள்ளுகிறது. கிணற்றடிக் கைப்பம்பில் நாம் கண்டிருக்கும் அதே தத்துவந்தான். வேண்டும்போது இதே குழாய்களின் வழியே காற்றை மேல்நோக்கிச் செலுத்திப் புல்லின் வேர்களுக்குக் காற்றோட்டம் அளிக்கவும் இயலும்.

இதற்கு முன்னேற்பாடாகப் பொறியாளர் செய்தவை யாவை? ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்யக்கூடும் என்று கணக்கிட்டனர். அந்நீர் அனைத்தும் வெளியேற எத்தனை குழாய்கள் வேண்டும், அவற்றின் விட்டம் எவ்வளவாதல் வேண்டும் என்று வகுத்தனர். வரத்து, போக்கு, தேக்கம் என்ற மூன்றும் நம் முன்னோர் ஏரிகளுக்கும் கலிங்குகளுக்கும் பார்த்த கணக்கேயாகும். வரத்து போக்கை மிஞ்சினால் தேக்கம் உயரும். தேக்கம் எல்லை கடந்தால் கரை உடையும்.

வாயிலுக்கு வெளியே

மூன்றாவது நிகழ்ச்சியைச் சொல்ல மனம் கூசுகிறது. எனினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

2025 ஜூன் 3 ஆம் நாள் அகமதாபாத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தில் பெங்களூரின் ராயல் சாலஞ்சர்ஸ் அணி இந்தியன் பிரீமியர் லீகின் கோப்பையை முதன்முறையாக வென்றது. 2008 முதல் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த வெற்றி அது. மறுநாள் அணியினர் நகருக்குத் திரும்பினர். அவர்களை வரவேற்கும் விழா நடைபெறும் என்ற செய்தி கைப்பேசிகளின் வழியே சில மணி நேரத்தில் நகரெங்கும் பரவியது. சின்னசாமி அரங்கில் சுமார் 35,000 பேர் அமரலாம். அன்று 2 லட்சம் முதல் 3 லட்சம் வரை மக்கள் திரண்டனர் என்று மாநில முதலமைச்சர் பின்னர்க் கூறினார். அரங்கின் வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். மேலும் பலர் காயமுற்றனர். இறந்தோரிற் பெரும்பாலோர் இளைஞர். பள்ளிப் பருவத்தைக் கடவாதோரும் அவர்களுள் இருந்தனர்.

யார் மீது குற்றம் என்பதை ஆராய்வது நீதிமன்றத்துக்கும் விசாரணைக் குழுவுக்கும் உரியது. விஞ்ஞானப் பத்திரிகையின் பணி வேறு. அந்த வாயிலில் இயங்கிய விசைகள் எவை, அவற்றை முன்கூட்டி அறிந்திருக்க இயலுமா என்று கேட்பதே அதன் பணியாகும். மைதானத்துக்குள் பந்தின் பாதையைச் சென்டிமீட்டர் கணக்கில் ஆராய்கிறோம். மண்ணுக்கடியில் ஓடும் நீரையும் கணக்கிடுகிறோம். மதிலுக்கு அப்புறம் ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதை எவர் எண்ணினர்?

ஜனத்திரளின் பௌதிகம்

இத்தகைய விபத்துகளில் மக்கள் மிதிபட்டு இறந்தனர் என்று எழுதுவது வழக்கம். கூட்டம் வெறிகொண்டு ஓடியது என்றும் கூறுவர். இவ்விஷயத்தை ஆராய்ந்த நிபுணர்களின் அபிப்பிராயம் இதற்கு மாறானது. பெரும்பாலோர் மரணத்திற்குக் காரணம் மூச்சுத்திணறல். நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்கூடு விரிய வேண்டும். நாற்புறமும் அழுத்தம் இருப்பின் அது விரிவதற்கு இடமில்லை. ஒருவர் நின்ற நிலையிலேயே, கால் தரையில் ஊன்றியிருக்கும்போதே, சில நிமிஷங்களில் உணர்விழக்கக்கூடும்.

இத்துறையில் முதன்மையாக எண்ணப்படுபவர் அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின். சதுர மீட்டருக்கு இருவர் நிற்கும்போது நடப்பது எளிது. நால்வராயின் தோளுடன் தோள் உராய அடிமேல் அடி வைத்தே நகர முடியும். சுமார் எழுவர் என்ற நிலையை அடைந்தால் கூட்டம் தனித்தனி மனிதர்களின் தொகுதியாக இராமல் ஒரு பாய்பொருளைப் போல் ஆகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். அந்நிலையில் எவரும் தம் விருப்பப்படி ஓர் அடியேனும் வைக்க இயலாது. ஓரிடத்தில் எழும் தள்ளல், குளத்தில் கல்லெறிந்தாற்போல, அலையாகப் பரவுகிறது. ஒவ்வொருவரும் முன்னிருப்பவரைச் சிறிதளவே தள்ளினும், அச்சிறு விசைகள் வரிசை வரிசையாகக் கூடி முன்வரிசையில் பெரும் விசையாகத் திரளுகின்றன. விபத்து நேர்ந்த இடங்களில் எஃகுக் கம்பித் தடுப்புகள் வளைந்து கிடந்ததைக் கொண்டு, 4,500 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை அங்கே இயங்கியிருக்க வேண்டும் என்று மதிப்பிட்டனர். அது ஏறத்தாழ 450 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும்.

இன்னுமொரு விந்தை உண்டு. வாயிலை நோக்கி எவ்வளவு வேகமாக முந்துகின்றனரோ, அவ்வளவுக்கு வெளியேற்றம் தாமதப்படுகிறது. அரிசியை ஒடுங்கிய புனலில் ஒரே வீச்சாகக் கொட்டினால் வாயில் அடைத்துக்கொள்வதைச் சமையலறையில் யாவரும் கண்டிருப்பர். மணிகள் ஒன்றையொன்று தாங்கி, கோயில் வளைவைப் போல் ஒரு வில்வளைவை அமைத்துவிடுகின்றன. அதே வளைவை மனித உடல்களும் கதவருகே அமைக்கின்றன என்பதை டிர்க் ஹெல்பிங் முதலிய மூவர் 2000 ஆம் ஆண்டில் கணித மாதிரியின் மூலம் காட்டினர்.

2025 இன் தொடக்கத்தில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இதனினும் வியப்பூட்டுவது. ஸ்பெயின் நாட்டின் பாம்ப்லோனா நகரில் ஆண்டுதோறும் சான் ஃபெர்மின் விழாவில் மக்கள் ஒரு சதுக்கத்தில் நெருங்கித் திரள்வர். அக்கூட்டத்தை உயரத்திலிருந்து படமெடுத்து ஆராய்ந்தபோது, நெருக்கம் ஓர் எல்லையைக் கடந்ததும் நூற்றுக்கணக்கானோர் தம்மையறியாமலே சுமார் 18 விநாடிக்கு ஒரு முறை வட்டமாக அசையத் தொடங்கியது தெரியவந்தது. வெளியிலிருந்து எவரும் தள்ளவில்லை. நெருக்கமே அவ்வசைவை உண்டாக்கிற்று. 2010 இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 21 பேரைப் பலிகொண்ட விழாவின் படங்களிலும் இத்தகைய அசைவு காணப்பட்டது. நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. ஜனநெரிசலுக்கோ அசைவின் வடிவில் முன்னறிவிப்பு உண்டு என்பது இதனால் விளங்குகிறது. அதனைக் கவனிக்க ஒரு கண் வேண்டும், அவ்வளவே.

ஓர் எளிய கணக்கு

பிரிட்டனில் 1971 இல் கிளாஸ்கோ நகரின் ஐப்ராக்ஸ் அரங்கில் 66 பேர் நெரிசலில் மாண்டனர். அதன் விளைவாக 1973 இல் விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புக்கென ஒரு கையேடு வெளியிடப்பட்டது. ஆயினும் 1989 இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் மீண்டும் ஒரு விபத்து நேர்ந்து, 97 பேர் உயிரிழந்தனர். நூல் எழுதுவது வேறு, நூலின்படி நடப்பது வேறு என்பதற்கு இதுவே சான்று. பல முறை திருத்தப்பட்ட அக்கையேடு சில எண்களைத் தருகிறது. நின்று பார்க்கும் இடங்களில் 10 சதுர மீட்டருக்கு 47 பேருக்கு மேல் விடலாகாது. ஒரு சுழல்வாயில் வழியே மணிக்கு 660 பேருக்கு மேல் நுழைவர் என்று கணக்கிடலாகாது. சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிஷத்துக்கு 82 பேருக்கு மேல் செல்வர் என்றும் கொள்ளலாகாது.

இவ்வெண்களைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 35,000 பேர் ஒரு மணி நேரத்தில் நுழைய வேண்டுமாயின் 54 சுழல்வாயில்கள் இடைவிடாது இயங்க வேண்டும். 2 லட்சம் பேர் சதுர மீட்டருக்கு நால்வர் வீதம் நிற்பதாயின் 50,000 சதுர மீட்டர் இடம் வேண்டும். கிரிக்கெட் ஆடும் புல்வெளியைப் போன்று மூன்று மைதானங்கள் இருந்தாலும் அதற்குப் போதா.

இன்னொரு கணக்கு. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு வாயில் நிமிஷத்துக்கு 246 பேரை ஏற்கும். அவ்வாயிலை நோக்கி நிமிஷத்துக்கு 400 பேர் வருவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நிமிஷமும் 154 பேர் மிஞ்சுவர். பத்து நிமிஷத்தில் மிஞ்சியோர் 1,540 பேர். சதுர மீட்டருக்கு நால்வர் வீதம் அவர்கள் பத்து மீட்டர் அகலமான தெருவில் 38 மீட்டர் நீளத்தை அடைப்பர். இருபது நிமிஷத்தில் 77 மீட்டர். வாயில் மூடப்பட்டால் இதே நீளம் சில நிமிஷங்களிலேயே நிரம்பிவிடும். தெருவின் மறுமுனையும் அடைபட்டிருந்தால் நீளம் வளர இடமில்லை, நெருக்கமே வளரும். ஏரியின் வரத்தையும் போக்கையும் கணக்கிட அறிந்த பொறியாளருக்கு இது கடினமான கணக்கன்று. ஆறாம் வகுப்பு மாணவனும் இதைச் செய்வான்.

நீருக்கும் மனிதருக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. நீரைக் குழாயில் எவ்வளவு அழுத்தினும் அதற்கு நோவதில்லை.

முன்னும் பின்னும்

ஜனத்திரளின் ஆபத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது விசையைப் பற்றியதன்று; அறிவிப்பைப் பற்றியது. முன்வரிசையில் இருப்பவர் மூச்சுக்குத் தவிக்கும்போது, ஐம்பது வரிசைக்குப் பின்னால் இருப்பவருக்கு அது தெரிவதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் உள்ளிருந்து வரும் ஆரவாரமே. ஆகவே அவர் இன்னும் ஓரடி முன்வைக்கிறார். அவர் கெட்டவர் அல்லர், அறியாதவர். அரங்கின் உள்ளே பந்து எங்கே பட்டது என்ற செய்தி ஒரு நிமிஷத்துக்குள் பல்லாயிரம் கண்களுக்கு ஒருங்கே காட்டப்படுகிறது. வாயிலில் ஒருவர் விழுந்தார் என்ற செய்தி முப்பது மீட்டரைக் கடப்பதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

இதற்குரிய வழிகளை நாம் அயல்நாட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. திருமலையில் வேங்கடவனைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்கள் வைகுண்டம் வரிசை வளாகத்தின் கூடங்களில் அமர்த்தப்பட்டு, ஒரு கூடத்துக்குப் பின் ஒரு கூடமாக விடப்படுகின்றனர். கூட்டத்தின் அழுத்தம் சந்நிதியின் வாயிலுக்கு வராமல், வெகுதூரத்திலேயே சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. மதகுகளால் நீரைத் தடுத்துத் தடுத்து விடுவது போன்ற முறை இது. இம்முறையின் பயனை மறுபுறமாகவும் காணலாம். 2025 ஜனவரி 8 ஆம் நாள், வைகுண்ட ஏகாதசிக்கான சீட்டுகள் வழங்கப்படவிருந்த இடத்தில், அவ்வளாகத்துக்கு வெளியே, கீழே திருப்பதி நகரில் நேர்ந்த நெரிசலில் 6 பேர் இறந்தனர். கூட்டமும் பக்தியும் ஒன்றே. மதகு இல்லாத இடத்தில் கரை உடைந்தது.

பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் இத்துறை அறியப்படாததன்று. அங்குள்ள போக்குவரத்து ஆராய்ச்சியாளர்கள் 2016 ஆம் ஆண்டு உஜ்ஜயினியில் நடந்த கும்பமேளாவில் மக்கள் திரளின் இயக்கத்தை ஆராய்ந்தனர். அரங்கத்திலிருந்து அக்கழகம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அறிவு நகரிலேயே இருந்தது. அது வாயிலை வந்தடையவில்லை.

பிழையெல்லை என்னும் அறம்

இவ்விபத்தின் விளைவு அன்றோடு முடியவில்லை. அதே ஆண்டில் நடந்த பெண்கள் உலகக் கோப்பையின் தொடக்கப் பந்தயம் பெங்களூரில் நடைபெறவிருந்தது. அது உள்ளிட்ட பந்தயங்கள் இங்கிருந்து வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 நவம்பர் 2 ஆம் நாள் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது நவி மும்பையில். கப்பன் பூங்காவின் அருகிலுள்ள அரங்கம் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. உயிரிழப்போடு ஒப்பிட இது ஓர் இழப்பே அன்று. எனினும், பாதுகாப்பு என்பது விழாவுக்கு இடையூறு என்று கருதுவோர், பாதுகாப்பின்மை விழாவையே இல்லாமற் செய்துவிடும் என்பதை இதனால் உணரலாம்.

பந்தயங்களைக் கண்டு மக்கள் மகிழ்வதை நான் குறைவாக மதிப்பவனல்லன். அறிமுகமற்ற பல்லாயிரம் பேர் ஒரே கணத்தில் ஒரே உணர்ச்சியால் எழுந்து நிற்பது மனித வாழ்வின் அரிய இன்பங்களுள் ஒன்று. அந்த இன்பத்தைத் தேடியே அப்பதினொருவரும் வீட்டிலிருந்து புறப்பட்டனர். தொழில்நுட்பம் அவ்வின்பத்தைப் பெருக்கியிருக்கிறது. ஒரு செய்தியால் சில மணி நேரத்தில் லட்சக்கணக்கானோரைத் திரட்டும் ஆற்றலை அது நமக்கு அளித்துவிட்டது. அவ்வாறு திரண்டோரை எண்ணி, பிரித்து, நிறுத்தி, மெல்ல அனுப்பும் ஆற்றலையும் அதே தொழில்நுட்பம் அளிக்கவல்லது. உயரத்தில் ஒரு காமிரா, சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று எண்ணும் கணிப்பொறி, பின்வரிசைக்குக் கேட்கும் ஒலிபெருக்கி, 'போதும், வாயிலுக்கு வெகுதூரத்திலேயே நிறுத்துங்கள்' என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் ஆகிய நான்கே வேண்டுவன. பந்தைப் பின்தொடர வைக்கும் காமிராக்களைக் காட்டிலும் இவை விலை உயர்ந்தவை அல்ல.

ஆயினும் கருவிகளைக் காட்டிலும் முக்கியமானது ஒரு மனப்பான்மை. பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பதில் இரண்டு சென்டிமீட்டர் ஐயம் இருந்தபோது, விதி தயங்கி நின்றது. ஐயத்தின் பயனை ஆட்டக்காரருக்கு அளித்தது. ஓர் ஆட்டக்காரரின் விக்கெட்டுக்கு நாம் காட்டும் அத்தயக்கத்தை, வாயிலில் நிற்கும் சிறுவனின் உயிருக்கும் காட்ட வேண்டும். எத்தனை பேர் வருவர் என்பது உறுதியாகத் தெரியாதபோது, 'இவ்வளவு பேர்தான் வருவர்' என்று எண்ணுவது அளவன்று, ஆசை. தெரியாத அளவுக்கு இடம் ஒதுக்கி, மிகையான எண்ணை எதிர்பார்த்து, வாயில்களையும் தெருக்களையும் வகுப்பதே விஞ்ஞான முறை. அடுத்த கோப்பையை வெல்லும் அணி எதுவாயினும், அதனை வரவேற்கும் ஊர் எதுவாயினும், முதலில் வரையப்பட வேண்டியது ஊர்வலத்தின் பாதையன்று. வீடு திரும்பும் கூட்டத்தின் பாதை.